கருவேலங்குடியில் ஒரு வரவேற்பு

ரோஜா மாலையைக் கையில் ஏந்தியபடி ஏரிக்கரைப் பந்தலின் வாசலில் நின்றிருந்த பஞ்சாபகேசன், கரையின் மறுகோடியில் ஒருவர் குந்தி உட்கார்ந்து எதையோ இடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வெற்றிலை இடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தார். பக்கத்தில் இரும்புக் குழாய்கள் வரிசையாக ஊன்றியிருப்பது கண்ணில் பட்ட பிறகுதான், இடிபடுவது வேட்டு மருந்து என்று விளங்கியது. இடிப்பவர் பாபநாசத்து ஐயாவு. கோயில் கொடியேற்றமோ கட்சி மாநாடோ மந்திரி வருகையோ, சுற்று வட்டாரத்தில் எந்த விசேஷம் என்றாலும் அவர் வேட்டுப் போட்டால்தான் விசேஷம் தொடங்கியதாகக் கணக்கு.

"ஐயாவு, நிறுத்துங்க" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். வார்த்தை தொண்டைவரை வந்தும் விட்டது. ஆனால் கருவேலங்குடி ஏரிக்கரையில் யாரும் சத்தம் போடக் கூடாது. அதுதான் ஊர் விதித்த ஒரே நிபந்தனை. அதை ஒப்புக்கொண்டு வாக்குக் கொடுத்தவர் பஞ்சாபகேசன். காலையிலிருந்து கிளப் அங்கத்தினர் ஒவ்வொருவரிடமும் உதட்டில் விரலை வைத்து அதட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான். கத்துவதா, ஓடுவதா என்று அவர் மாலையும் கையுமாகத் தவித்த நேரத்தில், கவர்னரின் அம்பாசடர் கார் வாய்க்கால் மதகைத் தாண்டிக் கரையில் ஏறியது. ஐயாவு காரைப் பார்த்தார். ஊதுவத்தியை எடுத்தார்.

கவர்னர் என்றால் கிண்டி மாளிகைக் கவர்னர் அல்ல. காவேரி சர்வீஸ் கிளப்பில் மண்டலத்துக்கு ஒரு கவர்னர் உண்டு. இவர் திருச்சியில் பஞ்சு வியாபாரம் செய்பவர். பாபநாசம் கிளையில் அரிசி மில்காரர்கள், வக்கீல்கள், ஒரு டாக்டர், ஜவுளிக்கடைக்காரர், பஞ்சாபகேசனைப் போல நிலம் வைத்திருப்பவர்கள் என்று எல்லாரும் கலந்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு கண் முகாம், ஏழைப் பெண்களுக்குத் தையல் மெஷின், பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணீர்ப் பானை. இவற்றைச் செய்து, போட்டோ எடுத்து, டீ சாப்பிட்டுக் கலைவது வழக்கம். அந்த வருஷம் செயலாளராக வந்த பஞ்சாபகேசன், பறவைகளைக் காப்பாற்றுவோம் என்று எழுந்து நின்று சொன்னபோது, தலைவர் கல்யாணம் தம் அரிசி மில் சிரிப்பைச் சிரித்தார். "கொக்குக்கு என்ன ஓய் சேவை பண்றது? மூக்குக்கண்ணாடியா மாட்ட முடியும்?"

ஆனால் கல்யாணம் நல்ல மனுஷர். சிரித்து முடித்த பிறகு காது கொடுத்துக் கேட்பார். கருவேலங்குடி ஏரியின் நடுவில் கருவேல மரங்கள் தண்ணீரில் நிற்கின்றன. ஐப்பசி மழைக்குப் பிறகு நத்தைகுத்தி நாரையும் வெள்ளைக் கொக்கும் வக்காவும் நீர்க்காகமும் அங்கே வந்து கூடு கட்டும். மாசி வரைக்கும் இலை தெரியாது, பறவைதான் தெரியும். ஊர்க்காரர்கள் தொட மாட்டார்கள். பறவையின் எச்சம் கரைந்த தண்ணீர் பாய்வதால்தான் தங்கள் நெல் தூர் கட்டிக் கிளம்புகிறது என்பது அவர்கள் கணக்கு. வெளியூரிலிருந்து ஜீப்பில் துப்பாக்கியோடு வருகிறவர்கள்தான் தொல்லை. ஞாயிற்றுக்கிழமை சுட்டு, திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் கால்களைக் கட்டித் தொங்கவிட்டு விற்றுவிடுவார்கள்.

ஆகவே கிளப் ஞாயிறுதோறும் முறை வைத்துக் காவல் இருந்தது. கல்யாணம் டிபன் கேரியரோடு வந்து, காவலைவிடச் சாப்பாட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டார். ஜவுளிக்கடைக்காரர் தூங்கிப்போனார். ஆனாலும் கோட்டுப் போட்ட நாலு பேர் கரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இரண்டு ஜீப்புகள் திரும்பிப் போனது உண்மை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு ஒன்றைப் பஞ்சாபகேசன் தம் மேல்துண்டில் ஏந்திக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய், ஏணியில் ஏறி மரத்தில் திரும்ப வைத்தார். அது நன்றியாக அவர் தோளில் ஒரு மீனைக் கக்கியது. மனைவி மதுரம் அந்தச் சட்டையை மூன்று தரம் துவைத்தும் வாடை போகவில்லை. "நம்ம கொழந்தை கக்கினப்பக்கூட ஒங்களுக்கு இவ்வளவு பூரிப்பு வரலையே" என்றாள். அது என்னவோ வாஸ்தவம்தான். ஐம்பத்து நாலு வயதில், தான் எதற்கோ பயன்பட்டோம் என்று அவருக்குத் தோன்றிய நாள் அது.

குஞ்சு அவர் தோளில் மீன் கக்கிய அந்த நாளில், ஏணியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றவர் வீரையன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பேச முடியாததற்குக் காரணம் இருந்தது. கழக ஆட்சி வந்து, உழுகிறவன் பெயரைக் குத்தகைதாரர் என்று பதிவு செய்யும் சட்டமும் வந்தபோது, பஞ்சாபகேசன் குடும்பத்தின் கருவேலங்குடி நிலத்தைத் தலைமுறையாக உழுதுவந்த வீரையன் மனுப் போட்டார். பஞ்சாபகேசன் எதிர்த்தார். இரண்டு வருஷமாகத் தாசில்தார் ஆபீசில் வாய்தா மேல் வாய்தா. வழக்குக்கு முன்னால் 'சாமி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வீரையன், விவசாயச் சங்கத்தில் சேர்ந்த பிறகு 'சார்' என்று மாற்றிக்கொண்டார். 'வாடா போடா' என்று கூப்பிட்டுப் பழகிய பஞ்சாபகேசனுக்குத்தான் திண்டாட்டம். 'நீ' என்று சொல்லக் கூச்சம், 'நீங்க' என்று சொல்ல நாக்கு வளையாது. தாசில்தார் ஆபீஸ் வராந்தாவில் எதிரே பார்த்தால் "வந்தாச்சா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார்.

கவர்னரை அழைத்து ஏரிக்கரையில் விழா வைத்து, புதுக் கருவேலங்கன்றுகள் நடவேண்டும் என்று கிளப் முடிவு செய்தபோது, ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. கூடுகளில் குஞ்சு இருக்கும் தை மாதத்தில் கூட்டம் கூடுவதா? கருவேலங்குடியில் தீபாவளிக்கே வெடி கிடையாது. கல்யாண ஊர்வலம் போனால் மேளக்காரர்கள் கரை தொடங்கும் இடத்தில் நாயனத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து, கரை முடிந்த பிறகுதான் வாசிப்பார்கள். அறுவடைக் கூலி கேட்டுச் சிவப்புக் கொடியோடு போகும் ஊர்வலம்கூட அந்த இடத்தில் கோஷத்தை நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒருவர் பின் ஒருவராகப் போய், அப்புறம் விட்ட இடத்திலிருந்து 'ஒழிக'வைத் தொடங்கும். இப்படிப்பட்ட ஊரில், சத்தமில்லாமல் நடத்துகிறோம் என்று டவுன்காரர் சொல்வதை யார் நம்புவார்கள்?

ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவர் வீரையன் என்று பஞ்சாபகேசன் பிறகு கேள்விப்பட்டார். "அவரு எம்மேல கேசு நடத்துறவரு. ஆனா சொன்னா சொன்னதுதான். அவரு வாக்குக்கு நான் பொறுப்பு" என்றாராம்.

அதைக் கேட்ட நாளிலிருந்து பஞ்சாபகேசனுக்கு விழாவைப் பற்றிய கவலை பெரிதாகிவிட்டது. மைக் செட் வேண்டாம் என்றார். நாயனம் வேண்டாம் என்றார். கைதட்டக் கூடாது, கையை உயர்த்தி ஆட்டினால் போதும் என்று கிளப் கூட்டத்தில் ஒத்திகையே பார்த்தார். மதுரம்கூட, "ஏன்னா, தும்மல் வந்தா என்ன பண்றது, அதையும் சொல்லிடுங்கோ" என்றாள். இத்தனையும் செய்தவர், பந்தல் போடும் குஞ்சிதபாதத்திடம் மட்டும், சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "மைக்கும் மேளமும் கிடையாது. மத்ததெல்லாம் போன வருஷம் கண் முகாமுக்குப் பண்ணின மாதிரியே பண்ணிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். குஞ்சிதபாதம் சொன்னதைச் செய்கிறவர். கண் முகாமுக்கு என்னென்ன உண்டோ எல்லாம் வந்தன. பந்தல், மடக்கு நாற்காலி, பன்னீர்ச்செம்பு, ரோஜா மாலை, கவர்னர் கார் ஊருக்குள் நுழையும்போது ஐயாவுவின் அதிர்வேட்டு.

பஞ்சாபகேசன் ஓடத்தான் செய்தார். செருப்பு ஒன்று கழன்று ஏரிப்பக்கம் உருண்டது. மாலையை இன்னும் விடவில்லை. ஐயாவு அவர் ஓடிவருவதைப் பார்த்து, செயலாளர் அவசரப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு, திரியில் நெருப்பை வைத்தார்.

முதல் வேட்டு வெடித்ததும் மரங்கள் பிய்ந்து மேலே எழுந்த மாதிரி இருந்தது. ஏரியின் மேல் வானம் இல்லை, இறக்கைதான். இரண்டாவதும் மூன்றாவதும் அந்தப் படபடப்புக்குள் விழுந்தன. நாரைகள் கத்தத் தெரியாத பறவைகள், அலகைத் தட்டும். அந்தத் தட்டல் சத்தம்கூட இல்லாமல் அவை உயரே உயரே சுற்றிப்போய், சம்பா அறுத்த வயல்களின் மேல் கலைந்தன. கருவேல மரங்கள் வெள்ளையடித்த குச்சிகளாக நின்றன. கூடுகளுக்குள்ளிருந்து குஞ்சுகள் மட்டும் கழுத்தை நீட்டிக் கியா கியா என்றன. அந்தக் குரலைக் கேட்டுக் காக்கைகள் வர அதிக நேரம் ஆகவில்லை.

ஊர் கரைக்கு வந்துவிட்டது. களத்து மேட்டிலிருந்து, வயலிலிருந்து, கையில் அரிவாளோடு கதிர்க்கட்டோடு அப்படியே வந்தார்கள். பஞ்சாபகேசன் அடி விழும் என்று எதிர்பார்த்தார். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் யாரும் கத்தவில்லை. வேட்டுப் போட்டவனையே பிடித்து உலுக்க வேண்டிய நேரத்திலும் அந்த ஊருக்குக் கரையில் குரல் எழும்பவில்லை. வீரையனின் மனைவி நீலாம்பாள்தான் முன்னால் வந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினாள். உட்காருங்கள் என்று அர்த்தம். ஆள் நின்றால் பறவை இறங்காது.

காரிலிருந்து இறங்கிய கவர்னர், கறுப்புக் கோட்டும் டையும் அணிந்தவர், எங்கே நாற்காலி என்று பார்த்தார். நீலாம்பாள் மண்ணைக் காட்டினாள். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதற்காகவே பஞ்சாபகேசனுக்கு அந்த மனிதரை ஆயுசுக்கும் பிடித்துப்போனது. கல்யாணம் பட்டு அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்தார். வக்கீல், டாக்டர், ஜவுளிக்கடை, சங்கத்து ஆட்கள், நடவுப் பெண்கள் எல்லாரும் கரை நெடுக முதுகைக் குனிந்து உட்கார்ந்தார்கள். ஐயாவு தம் குழாய்களைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியில் போய் ஒடுங்கினார். காக்கை இறங்கினால் வாயால் ஓட்டக் கூடாது, துண்டை வீச வேண்டும் என்று கைமாற்றிக் கைமாற்றிச் செய்தி வந்தது. மேடையில் கவர்னருக்குப் போர்த்த வைத்திருந்த பொன்னாடையை டாக்டர் எடுத்து வீசிக்கொண்டிருந்தார். கல்யாணம் அங்கவஸ்திரத்தைக் கழற்றிச் சுழற்றியதில் ஜரிகை வெயிலில் மின்னி, மற்ற எந்தத் துண்டுக்கும் பயப்படாத காக்கைகள் அதற்குப் பயந்தன. அவர் முகத்தில் ஒரு பெருமை வந்ததைப் பஞ்சாபகேசன் பார்த்தார்.

பஞ்சாபகேசனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் வீரையன்.

வெயில் உச்சிக்கு ஏறியது. தொலைவில் வயல்களின் மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன, ஆனால் கிட்டே வரவில்லை. பக்கத்து மரத்தில் ஒரு கூட்டின் விளிம்பில் காக்கை உட்கார்ந்து எதையோ இழுத்தது. வீரையன் துண்டை வீசினார். அது எழுந்து போனபோது அதன் வாயில் என்ன இருந்தது என்று இருவரும் பார்த்தார்கள்.

"ஊரே வேணாம்னுச்சு சார்" என்றார் வீரையன். உதடு அசைந்ததே தவிர, இரண்டு முழத்துக்கு அப்பால் கேட்டிருக்காது. "நாந்தான் பேசினேன்."

"தெரியும்." பஞ்சாபகேசனும் அதே குரலில் சொன்னார். "மைக் வேண்டாம்னு சொன்னேன். மேளம் வேண்டாம்னேன். இது தெரியாம நடந்துபோச்சு."

"உங்களுக்கு எல்லாமே தெரியாமத்தான் நடக்குது."

"என்ன பேச்சு இது."

"பின்ன என்ன சார். எங்கப்பா செத்தன்னைக்கும் உங்க வூட்டுக் களத்துல நெல்லுத் தூத்துனோம். உங்களுக்குத் தெரியாது. இருவது வருசமா குத்தகை நெல்லு அளந்து உங்க பத்தாயத்துல கொட்டுனேன். அதுவும் தெரியாது. கூலிக்கு ஏர் ஓட்டுன ஆளுன்னுட்டீங்க தாசில்தார்கிட்ட."

இது வேறு எந்த இடமாக இருந்தாலும் பஞ்சாபகேசன் எழுந்து நின்று சத்தம் போட்டிருப்பார். வீரையனும் போட்டிருப்பார். நாலு பேர் கூடி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இரண்டு வருஷமாக வாய் திறந்தபோதெல்லாம் அப்படித்தான் நடந்து வந்தது. எந்தப் பேச்சும் முடிவுவரை போனதில்லை. இங்கே எழுந்திருக்கவும் முடியாது, குரலை உயர்த்தவும் முடியாது. கோபத்தைக்கூடக் காதும் காதும் வைத்தாற்போல் பட வேண்டியிருந்தது. கிசுகிசுவென்று சண்டை போடுகிறவன் எதிராளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் கேட்காது. பஞ்சாபகேசன் கிட்டே சாய்ந்து உட்கார்ந்தார். வீரையன் மேல் வைக்கோல் வாசனையும் பீடி வாசனையும் அடித்தன.

"ஒண்ணு சொல்றேன் சார்" என்றார் வீரையன். "அன்னைக்கு நீங்க சொன்னது கேட்டு, வூட்டுக்கு வந்து சோறு எறங்கல. அப்புறம் மனசத் தேத்திக்கிட்டேன். வக்கீலு சொல்லிக் குடுத்திருப்பாரு, அவரா சொல்லலன்னு. அந்த நெனப்புலதான் ஊர்லயும் பேசினேன். அவரு வாக்கு மாற மாட்டாருன்னு."

பஞ்சாபகேசன் ஏரியைப் பார்த்தார். மாலை இன்னும் மடியில் கிடந்தது. அதிலிருந்து ஒரு இதழைக் கிள்ளி, இன்னொன்றைக் கிள்ளி, மண்ணில் போட்டார். ஆமாம், வக்கீல்தான் என்று தலையாட்டினால் விஷயம் முடிந்தது. வக்கீல் பத்தடி தள்ளி உட்கார்ந்து, தம் டையை வீசிக் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தார். உண்மையில் அவர் அன்றைக்கு, "வேண்டாம் சார், இருக்கறதைச் சொல்லிட்டு நியாயமா ஒரு ராஜிக்கு வருவோம்" என்றுதான் சொன்னார். அந்த நல்ல மனுஷர் தலையில் இரண்டு வருஷமாகப் பாவம் ஏறிக்கொண்டிருக்கிறது, அவருக்கே தெரியாமல்.

"வக்கீல் சொல்லித் தரலே" என்றார் பஞ்சாபகேசன். "நானா சொன்னதுதான்."

வீரையன் திரும்பவில்லை.

"நிலம் போயிடுமேன்னு பயம். அப்பா முகம் ஞாபகம் வந்தது. சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு, தன் குரல் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சொன்னது வீரையனுக்குக் கேட்டதா என்றுகூடச் சந்தேகம் வந்தது. "கேட்டுதா?"

"கேட்டுது."

அதற்குப் பிறகு வீரையன் துண்டை மடியில் போட்டுக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து போய்விடுவார், இனி ஊரில் தன் முகத்தில் விழிக்க மாட்டார் என்று பஞ்சாபகேசனுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் நிலத்தை இழப்பதைவிட அதிகமாக வலித்தது. இது என்ன கூத்து, வழக்கு நடத்துகிறவன் எதிராளியின் மதிப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறேனே என்று தம்மையே நொந்துகொண்டார். ஆனாலும் எதிர்பார்த்தார். வீரையன் எழுந்திருக்கவில்லை. ஆள் நின்றால் பறவை இறங்காது என்பதால் உட்கார்ந்திருந்தாரோ, வேறு எதற்காகவோ, அதைக் கேட்கத் துணிவில்லை.

நிழல் கிழக்கே சாயத் தொடங்கியபோது நீலாம்பாள் கையை நீட்டினாள். ஒற்றை நத்தைகுத்தி, ஏரியின் மேல் தாழ்வாக ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று. கரை முழுக்க மூச்சு விடவில்லை. அது காலைத் தொங்கவிட்டு, ஓரத்து மரத்தில் தடுமாறி இறங்கி, கிளையில் நடந்து தன் கூட்டுக்குப் போனது. குனிந்து பார்த்தது. பிறகு இரண்டு இறக்கைகளையும் விரித்து, வெயில் படாமல் குஞ்சுகளின் மேல் குடை பிடித்த மாதிரி நின்றது. பஞ்சாபகேசனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைக்கக் கையை எடுத்தவரை வீரையன் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினார். அசையக் கூடாது. கை அப்படியே இருந்தது. கண்ணீர் மீசையில் இறங்கியது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. வக்காக்கள், கொக்குகள், கடைசியில் நீர்க்காகங்கள். வராத கூடுகளும் இருந்தன. நீலாம்பாள் அவற்றைப் பார்த்துக்கொண்டே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாளைக்குள் வரலாம். வராமலும் போகலாம்.

இனிப் போகலாம் என்றானதும் கவர்னர் தம் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் சாவியை எடுத்தார். ஊரும் கிளப்பும் ஒன்றாக உதட்டில் விரல் வைத்தன. அம்பாசடரின் இஞ்சின் போடும் சத்தம் எல்லாருக்கும் தெரியும். கவர்னர் கோட்டைக் கழற்றிக் காருக்குள் எறிந்துவிட்டு, தாமே பின்னால் போய்க் கையை வைத்தார். கல்யாணம் வைத்தார். சங்கத்துக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஐயாவு குழாய்களை வரப்பில் போட்டுவிட்டு ஓடிவந்தார், அவருக்கு இடம் விட்டார்கள். மேடும் பள்ளமுமான ஏரிக்கரையில், கரை முடியும் மதகுவரை, ஒரு பெரிய ஆமையைப் போல அந்தக் கார் அசைந்து அசைந்து நகர்ந்தது.

பஞ்சாபகேசன் ஒற்றைச் செருப்போடு இடது பின்சக்கரத்தின் மேல் தோளைக் கொடுத்திருந்தார். அவர் தோளை ஒட்டி வீரையனின் தோள்.

"புதன்கிழமை வாய்தா" என்றார் வீரையன், முன்னால் பார்த்துக்கொண்டே.

"ம்."

"அங்கயும் இப்புடித்தான் மெதுவாச் சொல்லுவீங்களா?"

பஞ்சாபகேசன் மூச்சு வாங்கினார். "இல்லே. அங்கே எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றேன். நீங்களும் வந்து..." என்று தொடங்கியவர், தம் வாயிலிருந்து வந்த 'நீங்க'வைக் கேட்டுத் தாமே பேச்சை நிறுத்தினார்.

வீரையன் முன்னால் எட்டிப் பார்த்தார். "பள்ளம் வருது சார். நல்லா முட்டுக் குடுங்க" என்றார்.

இரண்டு பேரும் குனிந்து தோளைக் கொடுத்தார்கள். பின்னால் ஏரியில் நாரைகள் அலகைத் தட்டத் தொடங்கியிருந்தன.